தில்லியில் ஓர் அமெரிக்கப் பாசறை: 1942–1946

பத்துப்பாட்டுள் அளவில் சிறியது முல்லைப்பாட்டு. நப்பூதனார் பாடியது, 103 அடி. போருக்குப் போன அரசனைப் பற்றிய பாட்டுதான். ஆனால் அதில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்வது போர்க்களம் அன்று, பாசறை. யானைப்பாகர் வருகிறார்கள்; விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ளும் பெண்கள் வருகிறார்கள்; நீர்க்கடிகை பார்த்துப் பொழுது சொல்லும் நாழிகைக் கணக்கர் வருகிறார்கள்; அரசனின் இருப்பிடத்தைக் காக்கும் யவனரும், சைகையால் பேசும் மிலேச்சரும் வருகிறார்கள். ஒரு படை ஊரைவிட்டு வெகுதூரம் போய்த் தங்கினால் அதற்கு யார் யார் வேண்டும், அவரவர் வேலை என்ன என்பதை அந்தப் புலவர் நின்று கவனித்திருக்கிறார்.

இந்தச் சொற்பொழிவுக்கும் அதுவே பொருள். இரண்டாம் உலகப்போரின்போது புதுதில்லியில் ஓர் அமெரிக்கப் பாசறை இருந்தது. 1942 மார்ச் முதல் 1946 மே வரை, நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேலாக, சீனா–பர்மா–இந்தியா போர்முனையின் கணக்கும் கடிதமும் சட்டமும் சம்பளமும் இந்நகரத்திலிருந்துதான் நடந்தன. தில்லியில் ஒரு குண்டும் விழவில்லை. ஆயினும் அந்தப் பாசறை இந்த நகரத்தின் கட்டடங்களிலும் மருத்துவமனையிலும் தெருவிலும் தன் தடத்தை விட்டுப்போயிருக்கிறது. அதைத் தாங்கி நடத்தியவர்களில் இந்தியர் பலர். அவர்களைப் பற்றிய பதிவு மட்டும் மிகக் குறைவு. அந்தக் குறையைச் சொல்வதே இவ்வுரையின் நோக்கம்.

வந்து இறங்கிய கதை

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் மாதம் ரங்கூன் போயிற்று. ஜப்பானியர் அடுத்து இந்தியாவுக்குள் வருவார்களா என்று சென்னையும் கல்கத்தாவும் கலங்கிய நாட்கள் அவை. அந்த மார்ச் 5 அன்று, ஜாவாவிலிருந்து தப்பி வந்த அமெரிக்க விமானப்படைத் தளபதி லூயிஸ் பிரெரெட்டன் புதுதில்லியில் பத்தாவது விமானப்படையின் பொறுப்பை ஏற்றார். பெயர்தான் படை. அப்போது அவர் கையில் இருந்த விமானங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. குயின்ஸ்வே என்று அன்று அழைக்கப்பட்ட ஜன்பத்தில் உள்ள இம்பீரியல் ஹோட்டல் இந்த வருகையாளர்களின் முதல் புகலிடங்களில் ஒன்றாயிற்று.

மே மாதக் கடைசியில் ஜெனரல் ஜோசப் ஸ்டில்வெல் வந்து சேர்ந்தார். பர்மா கைவிட்டுப் போனபின், நூற்றுச் சொச்சம் பேரைக் கூட்டிக்கொண்டு காட்டுவழியே நடந்து, மே 20 அன்று இம்பாலை அடைந்தவர் அவர். அந்தக் கூட்டத்தில் டாக்டர் கார்டன் சீக்ரேவின் மருத்துவக்குழுவைச் சேர்ந்த பர்மியச் செவிலியரும் இருந்தார்கள். தில்லியில் பத்திரிகையாளர்களைச் சந்தித்தபோது ஸ்டில்வெல் எதையும் பூசி மெழுகவில்லை. நன்றாக அடிவாங்கிவிட்டோம், அது வெட்கக்கேடு, ஏன் தோற்றோம் என்று கண்டறிந்து திரும்பிப் போக வேண்டும் என்ற பொருளில் பேசினார்.

திரும்பிப் போவதற்கு முதலில் வேண்டியிருந்தது ஓர் அலுவலகம். 1941 கணக்கெடுப்பின்படி தில்லி மாகாணத்தின் மக்கள்தொகை ஒன்பது லட்சத்துச் சொச்சம். அதில் புதுதில்லி நகராட்சிக்குள் இருந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் குறைவு. இந்திய அரசின் செயலகம், பிரிட்டிஷ் தலைமைத் தளபதியின் பொதுத் தலைமையகம், அமெரிக்கத் தலைமையகம், 1943 அக்டோபரில் வந்த மவுண்ட்பேட்டனின் தென்கிழக்கு ஆசியத் தலைமையகம் என நான்கு பெரிய அலுவலகங்கள் இந்தச் சின்ன ஊருக்குள் இடம் தேடின. மவுண்ட்பேட்டனுக்கு ஃபரீத்கோட் மாளிகை கிடைத்தது. மற்றவர்களுக்காகச் செங்கல் சுவரும் தாழ்ந்த கூரையுமாக வரிசை வரிசையாக ஹட்மென்ட்கள் எழுந்தன. போர் முடியும்வரை நின்றால் போதும் என்று கட்டியவை அவை.

காகிதத்தில் நடந்த போர்முனை

இந்தப் போர்முனைக்கு ஒரு வினோதமான அமைப்பு. தளபதி ஸ்டில்வெல்லின் முன்னணித் தலைமையகம் சீனாவில், சுங்கிங்கில். பின்னணித் தலைமையகம் புதுதில்லியில். இடையில் இமயமலை. தளபதியோ பல மாதங்கள் இரண்டு இடத்திலும் இல்லாமல் பர்மாக் காட்டில் சிப்பாய்களோடு இருந்தார். ஆகவே அன்றாட நிர்வாகம் முழுவதும் தில்லி மேசைகளின்மீது வந்து விழுந்தது. ஆள் வரவு–செலவு, உளவு, போர்த்திட்டம், சரக்கு என்று ஜி–1 முதல் ஜி–4 வரை எண்ணிட்ட பிரிவுகள் அமெரிக்க ராணுவ வழக்கப்படி இயங்கின.

சரக்கு வழங்கலைத் தனித்துறையாகக் கவனித்தவர் ரேமண்ட் வீலர். பொறியாளர், பனாமாக் கால்வாய் நிர்வாகத்தில் பணியாற்றிய அனுபவம் உள்ளவர். கராச்சியில் ஒரு தளப்பிரிவு, கல்கத்தாவில் ஒன்று, அஸ்ஸாமின் லெடோ பக்கம் ஒன்று என்று நாட்டைப் பங்கிட்டுக்கொண்டு வேலை நடந்தது. முதலில் கப்பல்கள் கராச்சிக்குத்தான் வந்தன, வங்காள விரிகுடாவில் ஜப்பானியக் கடற்படையின் அச்சம் இருந்ததால். கராச்சியில் இறங்கிய பெட்டி இந்தியாவின் குறுக்கே ரயிலில் போய், அகலப் பாதையிலிருந்து மீட்டர்கேஜுக்கு மாறி, பிரம்மபுத்திராவைப் படகில் தாண்டி, அஸ்ஸாம் விமானத் தளத்தை அடைந்து, அங்கிருந்து இமயமலைக்கு மேல் பறந்து சீனா போய்ச் சேர வேண்டும்.

இந்தச் சங்கிலியில் மிகவும் பலவீனமான கண்ணி வங்காள–அஸ்ஸாம் ரயில்வே. தேயிலையை ஏற்றிச்செல்லப் போட்ட மீட்டர்கேஜ் பாதை ஒரு போர்முனையின் எடையைத் தாங்க வேண்டியிருந்தது. தில்லியில் நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின், 1944 மார்ச் 1 முதல் கட்டிஹாரிலிருந்து லெடோ வரை 804 மைல் பாதையை இயக்கும் பொறுப்பை அமெரிக்க ராணுவ ரயில்வே பிரிவு எடுத்துக்கொண்டது. வந்த அமெரிக்கர்கள் ஐயாயிரத்துக்கும் குறைவு. அவர்களோடு வேலை செய்த இந்திய ரயில்வே ஊழியர்களோ ஐம்பதாயிரத்துக்கு மேல். சரக்குப் போக்குவரத்து விரைவாக உயர்ந்தது. புத்தகங்களில் அந்த வெற்றி அமெரிக்க ரயில்வேக்காரர்களின் பெயரில் இருக்கிறது. கேங்மேனும் பாயிண்ட்ஸ்மேனும் ஃபயர்மேனும் இந்தியர்கள் என்பதை அந்த எண்ணிக்கையே சொல்லிவிடுகிறது.

தில்லி அலுவலகங்களிலும் நிலைமை அதுதான். தட்டச்சு, சுருக்கெழுத்து, ஃபைல் பராமரிப்பு, ஸைக்ளோஸ்டைல், தொலைபேசி இணைப்பு, கட்டடப் பராமரிப்பு என்று எங்கும் உள்ளூர் ஆட்கள் அமர்த்தப்பட்டார்கள். தில்லிச் செயலகத்தில் அப்போதே தமிழ்க் குமாஸ்தாக்களும் ஸ்டெனோக்களும் நிலைபெற்றிருந்தார்கள். அவர்களின் குழந்தைகளுக்காக மதராஸி எஜுகேஷன் அசோசியேஷன் 1923-லேயே தொடங்கப்பட்டிருந்தது. இன்றைய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் அதன் வழிவந்தது. போர்க்காலத்தில் அரசுத் துறைகள் பெருகியபோது தெற்கிலிருந்து ரயிலேறி வந்தவர்களின் எண்ணிக்கையும் பெருகியது. 1946-இல் தில்லித் தமிழ்ச் சங்கம் உருவானதற்கு இந்தக் கூட்டமே அடித்தளம்.

அவர்களுக்கென்று ஒரு சட்டம்

அயல்நாட்டுப் படை வந்து தங்கும்போது முதலில் எழும் கேள்வி: அந்தச் சிப்பாய் குற்றம் செய்தால் யார் விசாரிப்பது? 1942 அக்டோபரில் இந்திய அரசு ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தது. அதன்படி அமெரிக்கப் படையினர் இந்திய மண்ணில் செய்யும் குற்றங்களை விசாரிக்கும் அதிகாரம் அமெரிக்க ராணுவ நீதிமன்றங்களுக்கே உரியதாயிற்று. பிரிட்டனிலும் அதே ஆண்டு இப்படி ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் பிரிட்டனில் நாடாளுமன்றம் விவாதித்து இயற்றியது. இந்தியாவில் வைஸ்ராயின் கையெழுத்தே போதுமானதாக இருந்தது. அடிமை நாட்டில் இன்னொரு நாட்டின் நீதிமன்றம் அமர்ந்தது. மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

அந்த நேரம் நாடே கொதித்துக்கொண்டிருந்தது. 1942 ஆகஸ்ட் 9 அதிகாலையில் காந்தியடிகளும் காங்கிரஸ் தலைவர்களும் கைதானார்கள். தில்லியில் கடையடைப்பு, துப்பாக்கிச்சூடு, தீவைப்பு. கிளர்ச்சியை ஒடுக்க அமெரிக்கச் சிப்பாய்களும் துணைபோவார்கள் என்ற ஐயம் பரவியது. ஆகஸ்ட் 12 அன்று வாஷிங்டன் ஓர் அறிக்கை வெளியிட்டது: அமெரிக்கப் படைகள் இந்தியாவில் இருப்பது அச்சு நாடுகளோடு போரிட மட்டுமே, உள்நாட்டு அரசியலில் எள்ளளவும் தலையிடக் கூடாது, தலையிடுவதுபோன்ற தோற்றம்கூட வரக் கூடாது. உத்தரவு தெளிவானதுதான். எனினும் நாட்டைச் சிறைப்படுத்திய அரசு கொடுத்த கட்டடத்தில் அமர்ந்து, அந்த அரசு தந்த ரொட்டியைத் தின்றுகொண்டு நடுநிலை காப்பது எப்படி என்ற கேள்விக்கு எந்த அறிக்கையிலும் பதில் இல்லை.

அமெரிக்கர்களுக்குள்ளேயே அதை உணர்ந்தவர் உண்டு. ரூஸ்வெல்ட்டின் தனித் தூதராக 1943 தொடக்கத்தில் தில்லிக்கு வந்த வில்லியம் பிலிப்ஸ், காந்தியடிகள் ஆகாகான் மாளிகையில் 21 நாள் உண்ணாவிரதம் இருந்த நேரத்தை நேரில் கண்டவர். காந்தியைச் சந்திக்க அனுமதி கேட்டார். வைஸ்ராய் லின்லித்கோ பிரபு மறுத்தார். இந்திய மக்களின் நம்பிக்கையைப் பெறாமல் இங்கே போர் நடத்த முடியாது என்று பிலிப்ஸ் அதிபருக்கு எழுதினார். அந்தக் கடிதம் 1944-இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர் கைக்குப் போய் வெளிவந்தபோது லண்டன் கடும் கோபம் கொண்டது.

சம்பளமும் சரக்கும்

1942 ஜூனில் அமெரிக்கச் சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் 50 டாலர் ஆக உயர்ந்தது. கடல்கடந்த பணிக்கு 20 சதவீதம் கூடுதல். ஆக 60 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் ஒரு டாலர் ஏறத்தாழ 3 ரூபாய் 5 அணா. எனவே கையில் வருவது 200 ரூபாய்க்குக் கிட்டத்தட்ட. போரின் தொடக்கத்தில் இந்தியச் சிப்பாயின் மாதச் சம்பளம் 20 ரூபாய்க்கும் குறைவு. ஒரே காட்டில், ஒரே கொசுக்கடியில், ஒரே எதிரியைப் பார்த்து நின்றவர்களுக்கு இடையே பத்து மடங்கு வித்தியாசம். கனாட் பிளேஸில் அந்தப் பணத்துக்கு என்ன வலிமை இருந்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உணவுக்கும் இருப்பிடத்துக்கும் இதில் செலவில்லை. அமெரிக்கா தன் நேசநாடுகளுக்கு லெண்ட்–லீஸ் முறையில் ஆயுதமும் சரக்கும் கொடுத்தது. அதற்கு எதிர்க்கொடையாக இந்தியா தன் மண்ணில் உள்ள அமெரிக்கப் படைக்குக் கட்டடம், விமானத்தளம், ரயில் கட்டணம், பெட்ரோல், துணி, இறைச்சி, முட்டை, காய்கறி, சர்க்கரை, தேயிலை எல்லாம் கொடுத்தது. அமெரிக்க அதிகாரி இண்டெண்ட் போடுவார். இந்திய அரசின் வழங்கல் துறையும் ராணுவமும் வாங்கித் தரும். நேரே சந்தைக்குப் போய் ஆளுக்கு ஒரு விலை கேட்டால் விலைவாசி ஏறும் என்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு இது.

ஏற்பாடு இருந்தும் விலைவாசி ஏறத்தான் செய்தது. இந்திய அரசு பிரிட்டனுக்காகவும் நேசநாடுகளுக்காகவும் செய்த செலவுக்கு நோட்டு அச்சடித்தது. லண்டனில் இந்தியாவின் பெயரில் ஸ்டெர்லிங் பாக்கி வளர்ந்துகொண்டே போய், போர் முடிவில் 130 கோடி பவுண்டு அளவுக்கு வந்தது. காகிதத்தில் இந்தியா கடன் கொடுத்த நாடாகிவிட்டது. இந்தியரின் அடுப்பில் உலை வைக்க அரிசி இல்லை. 1943-இல் வங்காளப் பஞ்சம். அரசு அமைத்த உட்ஹெட் குழு 15 லட்சம் பேர் மாண்டதாகச் சொன்னது. பிற்கால ஆய்வுகள் 30 லட்சம் வரை போகின்றன. போர்ச்செலவு கிளப்பிய பணவீக்கமே கூலிக்காரர்களின் வாயிலிருந்து சோற்றைப் பறித்த காரணங்களில் முக்கியமானது என்று அமர்த்தியா சென் விளக்கியிருக்கிறார். தில்லிப் பாசறையின் உணவுக்கூடத்தைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமாகாது.

ஒரு வியாழக்கிழமை

இனி அந்த வாழ்க்கையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். மே மாதத் தில்லி. கொசுவலைக்குள்ளிருந்து எழும் சிப்பாய்க்கு ஷேவிங் தண்ணீரும் தேநீரும் கொண்டுவருபவர் பேரா. அமெரிக்காவில் தன் படுக்கையைத் தானே மடித்துப் பழகிய பண்ணைக்காரப் பையனுக்கு, இங்கே பூட்ஸ் துடைக்க ஓர் ஆள், துணி வெளுக்க ஒரு தோபி. சில மாதங்களில் 'டீக் ஹை', 'ஜல்தி', 'பக்ஷீஷ்' எல்லாம் அவர்கள் பேச்சில் கலந்துவிட்டன. கோடையில் தொடை இடுக்கில் வரும் படைக்குத் 'தோபி இட்ச்' என்று பெயர். வெளுத்தவர்மேல் பழியைப் போட்ட பெயர் அது. உண்மையில் வியர்வையும் பூஞ்சையும்தான் காரணம்.

கப்பலிலேயே ஒவ்வொருவர் கையிலும் 'இந்தியாவுக்கு ஒரு கையடக்க வழிகாட்டி' என்ற சிறுபுத்தகத்தை ராணுவம் கொடுத்திருந்தது. கொதிக்காத தண்ணீரைக் குடிக்காதே, வெட்டி வைத்த பழத்தைத் தொடாதே, மசூதிக்குள் செருப்போடு போகாதே, பசுவைத் துன்புறுத்தாதே என்ற வகையான அறிவுரைகள் அதில் இருந்தன.

தண்ணீர்தான் பெரிய கவலை. பாசறைகளில் முக்காலியிலிருந்து ஒரு பெரிய கித்தான் பை தொங்கும். லிஸ்டர் பை என்பார்கள். 36 காலன் கொள்ளும். அதில் நீரை நிரப்பி, குளோரின் மருந்துக் குப்பியை உடைத்துக் கலக்கி, அரைமணி நேரம் பொறுத்து, அடியில் உள்ள சிறு குழாய்களை அழுத்திப் பிடித்தால் குடிக்கலாம். மருந்து நெடி மூக்கில் ஏறும். இத்தனை செய்தும் வயிற்றுப்போக்கும் சீதபேதியும் இந்தப் போர்முனையைவிட்டு நீங்கவில்லை. அஸ்ஸாம், பர்மாப் பக்கம் மலேரியா. அதைத் தடுக்கத் தினமும் விழுங்கிய அட்டாப்ரின் மாத்திரை தோலையே மஞ்சளாக்கியது. தில்லியில் அமெரிக்கர்களுக்கென நூறாவது ஸ்டேஷன் ஹாஸ்பிடல் இயங்கியது.

அலுவலகத்தில் ஜன்னலை அடைத்து வெட்டிவேர்த் தட்டி கட்டியிருக்கும். தோல்பையில் தண்ணீர் சுமந்து வரும் பிஷ்தி அதை நனைத்துக்கொண்டே இருப்பார். அனல்காற்று அந்த ஈரத்தின் வழியே உள்ளே வரும்போது மண்வாசனையோடு குளிர்ந்திருக்கும். தட்டி காய்ந்தால் அறை அடுப்பாகும். ஒரு போர்முனையின் தந்திகளும் திட்டங்களும் அந்தப் பிஷ்தியின் கைவேலையை நம்பித்தான் நகர்ந்தன.

வியாழக்கிழமை என்றால் பத்திரிகை வரும் நாள். சீனா–பர்மா–இந்தியா என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தைப் பெயரில் கொண்ட 'சி.பி.ஐ. ரவுண்டப்' என்ற வார இதழ் 1942 செப்டம்பர் 17, வியாழனன்று முதன்முதலில் தில்லியில் வெளிவந்தது. ஆசிரியர் ஃப்ரெட் எல்ட்ரிஜ், படையில் சேர்வதற்கு முன்பே பத்திரிகைக்காரர். அச்சிட்டது 'ஸ்டேட்ஸ்மன்' அச்சகம். போர்ச்செய்தி, ஊர்ச்செய்தி, விளையாட்டு, நடிகைகளின் படம், மேலதிகாரிகளைப் பற்றிய முணுமுணுப்பு எல்லாம் அதில் இடம்பெற்றன. சிப்பாய்கள் மனம்விட்டுப் பேச ஸ்டில்வெல் இடம் கொடுத்தார். தில்லியில் கோத்த எழுத்துகள் ஆயிரக்கணக்கான மைல் போய்ச் சீனத்து விமானத்தளம்வரை படிக்கப்பட்டன.

வீட்டுக்கு எழுதும் கடிதத்துக்கும் ஒரு முறை இருந்தது. முகவரியில் நாடோ ஊரோ இருக்காது, ஏ.பி.ஓ. (ராணுவ அஞ்சலகம்) 885 என்ற எண்தான் புதுதில்லி. 'வி–மெயில்' என்ற ஒற்றைத் தாளில் எழுதிக் கொடுத்தால், தணிக்கைக்குப் பின் அதைச் சிறிய ஃபிலிமில் படம் பிடித்து, ஃபிலிமை மட்டும் விமானத்தில் அனுப்பி, அமெரிக்காவில் மீண்டும் தாளில் அச்செடுத்துக் கொடுப்பார்கள். ஒன்றரை லட்சம் கடிதங்கள் சாதாரணமாக 37 மூட்டை ஆகும், எடை 2,575 பவுண்டு. ஃபிலிமில் அதே கடிதங்கள் ஒரே மூட்டை, 45 பவுண்டு.

மாலையில் கனாட் பிளேஸ். ரீகல், பிளாசா, ஓடியன் அரங்குகளில் ஆங்கிலப் படம். கேன்டீனில் அளவுபோட்டுத் தந்த சிகரெட்டும் பீரும். எப்போதாவது ஹாலிவுட்டிலிருந்து யாராவது வந்து பாடி ஆடிவிட்டுப் போவார்கள். நடிகை பாலட் காடார்ட் 1944-இல் இந்த முனைக்கு வந்தார். நடிகர் மெல்வின் டக்ளஸ் சீருடையிலேயே இங்கே பொழுதுபோக்குப் பிரிவை நடத்தினார். தோளில் சிப்பாய்கள் தைத்துக்கொண்ட கேடயச் சின்னத்தில் சிவப்பு வெள்ளைக் கோடுகளுக்கு மேல் நீலப் பட்டையில் சீனத்துச் சூரியனும் இந்திய நட்சத்திரமும் இருந்தன. மூன்று நாட்டையும் ஒரு சின்னத்தில் சேர்த்துத் தைப்பது எளிதாக இருந்தது. நேசநாடுகளின் தளபதிகள் ஒருவரோடொருவர் ஒத்துப்போவது அதைவிடக் கடினமாக இருந்தது.

1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தன் தலைமையகத்தை இலங்கையின் கண்டிக்கு, பேராதனைத் தாவரவியல் தோட்டத்துக்கு மாற்றிக்கொண்டார். அங்கே அமெரிக்க உளவுத்துறையின் ஆவணப்பதிவகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவர் ஜூலியா மெக்வில்லியம்ஸ். பின்னாளில் ஜூலியா சைல்ட் என்ற பெயரில் சமையல் நூல்களால் புகழ்பெற்றவர். அமெரிக்கத் தலைமையகமோ தில்லியை விடவில்லை.

நிறத்தின் கோடு

சுதந்திரத்துக்கான போர் என்று சொல்லி வந்த படைக்குள்ளேயே ஒரு சுவர் இருந்தது. கறுப்பினச் சிப்பாய்களுக்குத் தனிப் பிரிவு, தனி முகாம், தனிப் பொழுதுபோக்கு இடம். லெடோவிலிருந்து சீன எல்லைக்குச் சாலை வெட்டிய சுமார் 15,000 அமெரிக்கர்களில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். அவர்களோடு ஆயிரமாயிரம் இந்தியக் கூலிகளும் மழையிலும் மண்சரிவிலும் மாண்டார்கள். 1945 ஜனவரி 12 அன்று லெடோவிலிருந்து புறப்பட்ட முதல் வாகன அணி பிப்ரவரி 4 அன்று சீனாவின் குன்மிங்கை அடைந்தது. அந்த ஆண்டு மார்ச்சில், ஹெர்மன் பெர்ரி என்ற கறுப்பினச் சிப்பாய் அதிகாரி ஒருவரைச் சுட்டுக் கொன்ற குற்றத்துக்காக அஸ்ஸாமில் தூக்கிலிடப்பட்டார். அமெரிக்க ராணுவ நீதிமன்றம் இந்திய மண்ணில் அளித்த தண்டனை அது. படையில் இனப்பிரிவினையை ஒழிக்கும் ஆணையில் அதிபர் ட்ரூமன் 1948 ஜூலை 26 அன்றுதான் கையெழுத்திட்டார்.

வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்று பலகை தொங்கிய கிளப்புகளைப் பார்த்துப் பழகிய இந்தியர், அதே பலகை அமெரிக்கச் சீருடைக்குள்ளும் இருப்பதைக் கண்டார்கள். அதையும் அந்தப் பாசறை இந்த ஊருக்குக் காட்டிவிட்டுப் போயிற்று.

விட்டுச் சென்றவை

1944 அக்டோபரில் ஸ்டில்வெல் திருப்பி அழைக்கப்பட்டார். போர்முனை இரண்டாகப் பிரிந்தது. இந்தியா–பர்மா முனைக்கு டேனியல் சுல்தான் தளபதியானார், தலைமையகம் புதுதில்லியே. போர் முடிந்ததும் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு, 'பாயிண்ட்'. சேவை செய்த மாதத்துக்கு ஒன்று, கடல்கடந்த மாதத்துக்கு இன்னும் ஒன்று, பதக்கத்துக்கு ஐந்து, வீட்டில் குழந்தை இருந்தால் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்று கூட்டி, 85 வந்தால் ஊருக்குப் போகலாம். கப்பல் தாமதமானது. 1946 ஜனவரியில் மணிலாவிலும் கல்கத்தாவிலும் சிப்பாய்கள் கூட்டம் கூடி, எங்களை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று முழங்கினார்கள். மே 16 அன்று இந்திய அரசுக்கும் அமெரிக்காவுக்கும் கணக்குத் தீர்ப்பு உடன்பாடு கையெழுத்தானது. எஞ்சிய சரக்கும் கட்டடமும் இந்தியாவின் கைக்கு வந்தன. மே 31 அன்று போர்முனை முறைப்படி மூடப்பட்டது. தம் இறந்தவர்களைக்கூட அவர்கள் பின்னர் தோண்டி எடுத்துச் சென்றுவிட்டார்கள். தில்லியில் காமன்வெல்த் போர்க்கல்லறை உண்டு. இந்தியாவில் அமெரிக்கப் படையினருக்கு நிரந்தரக் கல்லறைத் தோட்டம் கிடையாது.

கட்டடங்கள் தங்கின. கர்ஸன் சாலையில், இன்றைய கஸ்தூர்பா காந்தி மார்க்கில், அமெரிக்க அதிகாரிகளுக்காக எழுந்த விடுதி கான்ஸ்டிட்யூஷன் ஹவுஸ் என்ற பெயரில் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர்களின் தங்குமிடமாயிற்று. போருக்காகக் கட்டிய அறைகளில் உட்கார்ந்து அரசியலமைப்பின் திருத்தங்களை எழுதினார்கள். நேசநாட்டுப் படைகளுக்காக 1942-இல் தொடங்கிய மருத்துவமனை சஃப்தர்ஜங் மருத்துவமனை. 1954-இல் சுகாதார அமைச்சகத்தின்கீழ் வந்து, இன்று நாட்டின் மிகப் பெரிய அரசு மருத்துவமனைகளில் ஒன்றாக நிற்கிறது. போர்க்காலத்தில் விமானப்படைக்காக அமைந்த பாலம் விமானத்தளம், தலைநகரின் பெரிய விமான நிலையமாக வளர்ந்தது. கனாட் பிளேஸில் தியேட்டர் கம்யூனிகேஷன் பில்டிங் என்ற போர்க்காலக் கட்டடத்தில் பின்னாளில் காபி ஹவுஸ் நடந்தது. தில்லியின் எழுத்தாளர்களும் தொழிற்சங்கக்காரர்களும் கூடிய அந்த இடம் நெருக்கடிநிலைக் காலத்தில் இடிக்கப்பட்டது. அங்கே இன்று பாலிகா பஜார்.

பாதுகாப்பு அமைச்சகத்தைச் சுற்றியிருந்த ஹட்மென்ட்களும் நீண்டகாலம் நின்றன. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் அவற்றிலிருந்து புதிய வளாகங்களுக்கு மாறினார்கள். அந்த வளாகங்கள் 2021 செப்டம்பர் 16 அன்று திறக்கப்பட்டன. புதிய வளாகங்களில் ஒன்று அதே கஸ்தூர்பா காந்தி மார்க்கில் இருக்கிறது.

தெருவில் தங்கியது பட்பட்டி. போர் முடிந்து மலிவாக விற்ற ஹார்லி–டேவிட்சன் மோட்டார் சைக்கிள்களின் பின்னால் இருக்கை கட்டி, பழைய தில்லிக்கும் கனாட் பிளேஸுக்கும் இடையே ஆள் ஏற்றினார்கள். புகைக் கட்டுப்பாடு வந்து 1990-களின் இறுதியில் நிறுத்தப்படும்வரை, அரை நூற்றாண்டு அவை ஓடின. தில்லித் தமிழ்க் குடும்பங்களில் அதில் தொற்றிக்கொண்டு அலுவலகம் போகாத அப்பாக்கள் குறைவு.

எழுதப்படாத பக்கம்

அமெரிக்க ராணுவம் இந்தப் போர்முனைக்கு மூன்று பெரிய வரலாற்று நூல்களை 1953 முதல் 1959 வரை வெளியிட்டது. எழுதியவர்கள் சார்லஸ் ரோமானஸ், ரைலி சண்டர்லண்ட். 'ரவுண்டப்' இதழ்களையும் முன்னாள் படைவீரர்கள் ஊக்கத்தோடு காத்து வைத்திருக்கிறார்கள். எந்த நாளில் எந்தத் தளபதி என்ன தந்தி அனுப்பினார் என்பதை இன்று உட்கார்ந்த இடத்திலிருந்து படிக்கலாம். அந்தத் தந்தியைத் தட்டச்சு செய்தவர் யார், அந்த அறையின் தட்டியை நனைத்தவருக்கு என்ன கூலி, அமெரிக்க முகாம் மூடப்பட்ட அன்று வேலை இழந்த சமையற்காரர் எங்கே போனார் என்ற கேள்விகளுக்கு அந்த நூல்களில் விடை இல்லை. அது அமெரிக்கர்களின் குற்றமன்று. அவர்கள் தங்கள் ஆட்களைப் பற்றி எழுதினார்கள். நம் ஆட்களைப் பற்றி எழுத வேண்டியவர்கள் நாம்.

அந்தத் தலைமுறையில் இன்று இருப்பவர்கள் மிகச் சிலர்; தொண்ணூறைத் தாண்டியவர்கள். அவர்களின் பிள்ளைகளும் எழுபதைக் கடந்துவிட்டார்கள். ஆயினும் பரணில் பெட்டிகள் இருக்கும். போர்க்கால ரேஷன் கார்டு, நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, அமெரிக்க அதிகாரி கையெழுத்திட்டுத் தந்த நற்சான்றிதழ், மாம்பலத்துக்கோ கும்பகோணத்துக்கோ தில்லியிலிருந்து எழுதிய கார்டு, முகாம் வாசலில் எடுத்த குழுப்படம் என்று எது வேண்டுமானாலும் கிடைக்கலாம். தில்லியில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, பல்கலைக்கழகங்களில் தமிழ்த்துறைகள் இருக்கின்றன, ஜன்பத்தில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. இந்த உரையைக் கேட்டவர்களும் இனிப் படிப்பவர்களும் தங்கள் வீட்டுப் பெட்டியை இந்த மாதமே ஒருமுறை திறந்து பாருங்கள். கிடைக்கும் தாளைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்குமுன் படம் எடுத்து, பெயரும் ஆண்டும் குறித்து, இந்த நிறுவனங்களில் ஒன்றிடம் ஒப்படையுங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் அவர் பேசுவதைப் பதிவு செய்து வையுங்கள்.